வயற்காட்டுக் கொசுவின் பகற்பொழுது

மாலையில் விளக்கு வைக்கும் நேரத்தில் மாட்டுக் கொட்டிலின் வாயிலில் நொச்சித் தழையும் வேப்பந்தழையும் போட்டு மூட்டம் இடுகின்ற வழக்கம் காவிரிப் படுகைக் கிராமங்களில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. அந்தப் புகைக்கு நடுவே நின்று கண்ணைக் கசக்கிக்கொள்கிறவர்கள் கொசு வருகிறது என்று சொல்வார்களேயன்றி, எங்கிருந்து வருகிறது என்று கேட்பதில்லை; கேட்டாலும், குட்டையிலிருந்து வருகிறது, வாய்க்காலிலிருந்து வருகிறது என்று அது பிறந்த ஊரைச் சொல்லிப் பேச்சை முடித்துவிடுவார்கள். பிறந்த ஊர் வேறு, குடியிருக்கும் வீடு வேறு. நீரில் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் நெளிந்து கழித்த காலம் ஒரு வாரமோ பத்து நாளோதான். சிறகு பெற்று வெளிவந்த பின்னர் அந்த ஜீவன் உயிரோடிருக்கும் நாள்களில், இரவுதோறும் சில நாழிகை நேரம் நீங்கலாக, மற்றப் பொழுதெல்லாம் ஏதேனும் ஓரிடத்தில் அசையாமல் ஒட்டிக்கொண்டே கிடக்கிறது. அந்த இடம் எது, அதை அது எவ்விதம் தேர்ந்துகொள்கிறது, அதைப்பற்றி நாம் இதுவரை அறிந்திருப்பது எவ்வளவு என்பவற்றையே இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறேன். கட்டிலின் அடியிலும் ஆணியில் தொங்கும் சட்டையின் மடிப்பிலும் பகலைக் கழிக்கின்ற நகரத்துக் கொசுவின் கதையை வேறு பலர் எழுதியிருக்கிறார்கள். இங்கே பேசப்படுவது வயலையும் வரப்பையும் தோப்பையும் தொழுவத்தையும் சார்ந்து வாழும் கொசுவே.

இந்த வினாவை அலட்சியம் செய்ததனால் சாஸ்திரமே ஒருமுறை வழி தவறியதுண்டு. யானைக்கால் நோய்க்குக் காரணமான நுண்புழு கொசுவின் உடலுக்குள் வளர்ச்சி அடைகிறது என்பதைச் சீனத் துறைமுகமாகிய அமாயில் 1877-இல் கண்டறிந்த பாட்ரிக் மான்சன் என்ற மருத்துவர், கொசு தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் ரத்தம் குடிக்கிறது, பிறகு நீர்நிலையை நாடி முட்டையிட்டு அங்கேயே மடிந்துபோகிறது என்று அக்காலத்தில் நிலவிய அபிப்பிராயத்தை நம்பினார்; நம்பியபடியால், செத்த கொசுவிலிருந்து நீரில் கலந்த புழுவை மனிதன் குடிநீரோடு விழுங்கிவிடுகிறான் என்ற தவறான முடிவுக்கு வந்து சேர்ந்தார். ஒரு தடவை குடித்த கொசு மறைவான இடத்தில் தங்கியிருந்து, முட்டையிட்டு, மறுபடியும் மறுபடியும் குடிக்க வரும் என்பது தெரிந்திருந்தால், புழு கொசுவின் ஊசிவாயின் வழியாகவே திரும்பி வருவதை அவரே கண்டிருக்கக் கூடும். செகந்திராபாத்தில் 1897 ஆகஸ்டு 20-ஆம் தேதி ரொனால்டு ராஸ் கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டதும், நோயாளியின் ரத்தத்தைக் குடித்த கொசுக்களை உடனே அறுத்துப் பார்த்துவிடாமல் சில நாள் குப்பியில் உயிரோடு வைத்துக் காத்திருந்த பொறுமையால்தான். கொசு சும்மா உட்கார்ந்திருந்த அந்த நாள்களில்தான் உள்ளே கிருமி வளர்ந்துகொண்டிருந்தது.

கணக்கைச் சிறிது விரித்துச் சொல்லலாம். நம்முடைய உஷ்ணத்தில் பெண் கொசு ஒரு தடவை குடித்த ரத்தத்தைச் செரித்து முட்டையாக்குவதற்கு ஏறத்தாழ இரண்டு மூன்று நாள் பிடிக்கிறது. மலேரியாக் கிருமியோ, கொசுவின் வயிற்றில் புகுந்தது முதல் அதன் உமிழ்நீர்ச் சுரப்பிகளை எட்டும் வரை பத்து முதல் பதினான்கு நாள் வரை எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஒரு கொசு நோய் பரப்புவதற்குத் தகுதி பெற வேண்டுமானால், அதற்குமுன் நான்கைந்து தடவை வயிறு நிறைந்து, நான்கைந்து தடவை எங்கேயாவது ஒளிந்து கிடந்து, பல்லிக்கும் சிலந்திக்கும் வெயிலுக்கும் காற்றுக்கும் தப்பிப் பிழைத்திருக்க வேண்டும். ஓய்விடம் நன்றாக அமைந்த ஊரில்தான் கிழக் கொசுக்கள் மிகுதி. நோயைச் சுமப்பவையும் அந்தக் கிழங்களே.

ரத்தம் குடித்தெழுந்த கொசு தன் எடைக்குக் குறையாத சுமையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறது. நெடுந்தூரம் போக அதனால் இயலாது. அருகிலுள்ள சுவரிலோ தழையிலோ ஒட்டிக்கொண்டு, ரத்தத்திலிருந்த நீரைச் சொட்டுச் சொட்டாக வெளியேற்றிப் பாரத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதன்பின் அது நாடுவன மூன்று: இருள், ஈரம், காற்றசையாமை. உடலின் பருமனோடு ஒப்பிட மேற்பரப்பு மிகுந்த இத்தகைய சிறு பிராணிக்கு உலர்ந்த காற்றைப் போன்ற சத்துரு வேறில்லை. சித்திரை வெயிலில் திறந்தவெளியில் விடப்பட்டால் சில மணி நேரத்தில் வற்றிச் செத்துவிடும். ஆகவே கொசு இந்தச் செடியை விரும்புகிறது, அந்த மரத்தை விரும்புகிறது என்று சொல்வதைக் காட்டிலும், அந்தச் செடிக்கு அடியில் நிலவுகிற ஒரு சாண் அளவு சீதோஷ்ணத்தை விரும்புகிறது என்று சொல்வதே பொருந்தும். பட்டியல் போடுகிறவர்கள் தாவரங்களின் பெயரை எழுதி நிரப்பியிருக்கிறார்கள். ஆனால் அதே புதர் காலை எட்டு மணிக்குக் கொசுவின் மாளிகையாகவும், நண்பகலில் வெறும் புதராகவும் இருக்கக் காண்கிறோம்.

இனி, தொழுவத்துக்குள் நுழைவோம். இந்திய விவசாயக் கிராமங்களில் மலேரியாவைப் பரப்புவதில் முதன்மையான அனோபிலிஸ் கூலிசிபேசிஸ் என்ற கொசு பகலைக் கழிக்கும் தலையாய இடம் அதுவே. இதற்குப் பெயரிட்ட கைல்ஸ் 1901-இல் 'கியூலெக்ஸின் முகச்சாயல் உடையது' என்ற பொருளில் இப்படி அழைத்தார். மற்ற அனோபிலிஸ்கள் தலையைத் தாழ்த்தி வாலை உயர்த்திச் சுவரில் ஆணி அடித்தாற்போல் சாய்ந்து நிற்க, இது ஏறக்குறையச் சுவரோடு படிந்தாற்போல் உட்காருவதால், புதிதாகத் தேடுகிறவர்கள் சாதாரணக் கியூலெக்ஸ் கொசு என்று எண்ணித் தாண்டிப் போய்விடுவதுண்டு. மனித ரத்தத்தைவிட மாட்டின் ரத்தத்தையே இது பெரிதும் விரும்பும். குடித்த இடத்திலேயே தங்குமிடமும் கிடைத்துவிடுவதால், கூரை வேய்ந்த கொட்டில் அதற்குச் சத்திரமும் சாப்பாட்டுக் கூடமும் ஒன்றாகிய இடமாகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் தஞ்சைத் தரணியின் கீழ்க்கோடியில் ஒரு சிற்றூரில், கொசு சேகரிக்கும் பணியாளர் ஒருவருடன் விடிந்தும் விடியாத வேளையில் இத்தகைய கொட்டில் ஒன்றுக்குள் சென்றேன். அவர் கையில் ஒரு டார்ச்சு விளக்கும், ஒரு முழ நீளக் கண்ணாடிக் குழாயும் இருந்தன; குழாயின் ஒரு முனையில் ரப்பர்க் குழாய் மாட்டி, கொசு வாய்க்குள் போய்விடாதபடி இடையில் மெல்லிய வலைத்துணி வைத்திருந்தது. கூரையின் கீற்றுக்கு உட்புறத்தை முதலில் பார்ப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவரோ மண்டியிட்டு, காடியின் பின்புறத்தில், சாணிப் பூச்சு உதிர்ந்து ஈரம் ஊறியிருந்த அரைச்சுவரில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தார். விரற்கடை அகலத்தில் நான்கு கொசுக்கள். ஒன்றின் வயிறு மாதுளை முத்துப்போல் சிவந்து பளபளத்தது. இரண்டில் பாதி கறுப்பும் பாதி வெளுப்புமாக இருந்தது. நான்காவது, முட்டை முதிர்ந்து, அரிசி நிறத்தில் உப்பியிருந்தது. மூச்சை ஒருதரம் மெல்ல இழுக்க, நான்கும் குழாய்க்குள் போய்விட்டன. மூலையில் சாத்தியிருந்த கலப்பைக்குப் பின்னாலும், எரவாணத்தில் செருகியிருந்த பழைய முறத்தின் அடியிலும், தொங்கிய கயிற்றுச் சுருளிலுமாக இருபது நிமிஷத்தில் முப்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. எருமை இதையெல்லாம் பொருட்படுத்தாமல் அசைபோட்டுக்கொண்டிருந்தது.

அந்த வயிறுகளின் நிறத்தில் ஒரு முழு சாஸ்திரம் அடங்கியிருக்கிறது. கொட்டிலில் பிடிபடுகின்ற கொசுக்களில் புதிதாகக் குடித்தவையும் முட்டை முதிர்ந்தவையும் ஏறக்குறையச் சம அளவில் இருக்குமானால், குடித்தது முதல் முட்டையிடப் புறப்படும் வரை அவை உள்ளேயே தங்கின என்று கொள்ளலாம்; குடித்தவை நிறையவும் முதிர்ந்தவை அரிதாகவும் இருக்குமானால், அவை இரவைக் கழித்துவிட்டு வேறெங்கோ போய்விடுகின்றன என்பது பிரத்தியட்சம். உள்ளே தங்கும் சுபாவம், வெளியே தங்கும் சுபாவம் என்று பூச்சியியலார் பிரித்துப் பேசுவதற்கு இந்த எளிய எண்ணிக்கையே முதல் ஆதாரமாக இருந்துவருகிறது. பிரிவு அத்தனை தெளிவானதன்று என்பதும் விரைவில் தெரியவந்தது. ஆப்பிரிக்காவின் அனோபிலிஸ் காம்பியே இனக் கூட்டத்தை ஆராய்ந்த கொலூட்சியும் அவருடைய சகாக்களும், ஒரே இனத்துக்குள்ளேயே குரோமோசோம் அமைப்பு வேறுபடும் கொசுக்கள் வீட்டுக்குள் தங்குவதில் வெவ்வேறு நாட்டம் காட்டுவதை 1979-இல் எடுத்துக் காட்டினார்கள். கூலிசிபேசிஸ் என்ற பெயரின் கீழும் ஒன்றுக்கொன்று கலவாத பல உடன்பிறப்பு இனங்கள் ஒளிந்திருப்பது பின்னர் புலனாயிற்று.

சுவரில் தங்கும் இந்தச் சுபாவத்தின்மேல்தான் ஒரு காலத்தில் மலேரியா ஒழிப்பு முழுவதும் கட்டப்பட்டது. ராக்பெல்லர் ஸ்தாபனத்தின் சார்பில் மதராஸ் மாகாணத்தில் பணியாற்றிய பால் ரஸ்ஸலும் அவருடைய குழுவினரும், டி.டி.டி. வருவதற்கு முன்பே, பைரீத்திரம் கரைசலை வீடுகளிலும் தொழுவங்களிலும் தெளித்துப் பகலில் தங்கியிருக்கும் கொசுக்களைக் கொல்லும் முறையைத் தென்னிந்தியக் கிராமங்களில் சோதித்துப் பார்த்தார்கள். டி.டி.டி. வந்தபின் அடிக்கடி தெளிக்க வேண்டிய தொல்லை நீங்கியது. ஒரு தடவை சுவரில் பூசினால் மாதக்கணக்கில் விஷம் நின்றது. ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொள்ளைகொண்ட 1934-35 கொள்ளைநோயைக் கண்ட இலங்கையில், இந்த முறையால் 1963-இல் மலேரியா நோயாளிகளின் எண்ணிக்கை 17 என்ற அளவுக்கு இறங்கியது. இந்தியாவில் 1953-இல் தொடங்கிய தேசியத் திட்டமும் இதே சுவரைத்தான் நம்பியது. பிற்பாடு இரு நாடுகளிலும் நோய் திரும்பி வந்ததும், 1976-இல் இந்தியாவில் மட்டும் அறுபது லட்சத்துக்கு மேல் நோயாளிகள் கணக்கிடப்பட்டதும் வரலாறு. பணமும் சிரத்தையும் குறைந்தது, கொசுவின் உடல் விஷத்துக்குப் பழகிப்போனது முதலிய காரணங்களைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். விஷம் காலில் பட்டதும் எரிச்சல்கொண்டு சுவரைவிட்டுப் பறந்து வெளியே போய்விடும் கொசுக்கள் எங்கே போய்ச் சேர்ந்தன என்பதைப்பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. வீட்டுச் சுவரைப்பற்றி நாம் அறிந்ததில் பத்தில் ஒரு பங்குகூட வரப்பைப்பற்றி அறியவில்லை என்பது என் அபிப்பிராயம்.

வரப்புக்கு வருவோம். மேட்டூர் அணை 1934-இல் முடிந்து புதிய கால்வாய்ப் பாசனம் பட்டுக்கோட்டைப் பக்கம் பரவியபோது, தண்ணீரோடு மலேரியாவும் வந்து சேர்ந்தது. அங்கே ஆராய்ந்த ரஸ்ஸலும் டி. ராமச்சந்திர ராவும் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள்: நடவு முடிந்த புதிதில் வயல்நீரில் கூலிசிபேசிஸ் தாராளமாக முட்டையிடுகிறது, பயிர் ஏறத்தாழ ஓரடி உயரம் வளர்ந்ததும் அந்த வயலை அறவே விட்டுவிடுகிறது. இந்தக் கொசு நீரின்மேல் அந்தரத்தில் ஆடி ஆடி முட்டைகளை உதிர்க்கும் வழக்கமுடையது. நெருங்கி நிற்கும் தாள்கள் அந்த நடனத்துக்கு இடையூறாகிவிடுகின்றன. நிழல் காரணமா, தடை காரணமா என்று பிரித்தறிவதற்காக, பயிருக்குப் பதிலாகச் செங்குத்தான குச்சிகளை நாட்டிப் பரிசோதித்து 1942-இல் அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சி, எளிய உபகரணத்தால் பெரிய உண்மையைப் பிடித்ததற்கு நல்ல உதாரணம்.

அந்த ஆராய்ச்சி முட்டையிடுவதைப்பற்றியது. ஆயினும் ஓய்விடத்தை ஆராய்கிறவர்களுக்கு அதில் ஒரு குறிப்புக் கிடைக்கிறது. கூலிசிபேசிஸுக்குக் கதவை அடைக்கின்ற அதே பயிர்வளர்ச்சி, வேறொரு கூட்டத்துக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. கியூலெக்ஸ் டிரைடீனியோரிங்கஸ், கியூலெக்ஸ் விஷ்ணுவி ஆகிய இனங்கள் நெல்வயலிலேயே பிறந்து, பயிர் பந்தலிட்டு இலைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தபின், பகலையும் வயலுக்குள்ளும் அதன் கரைப் புதர்களிலும் கழிக்கின்றன. முன்னதன் நீண்ட பெயருக்கு 'மும்பட்டைத் துதிக்கை' என்பதற்குமேல் பொருளில்லை. பின்னதற்குக் காத்தற்கடவுளின் திருநாமத்தைத் தியோபால்டு 1901-இல் ஏன் சூட்டினாரோ, அந்தப் பிராணி காப்பாற்றுவதாகத் தெரியவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்னும் கொடிய வியாதியைப் பரப்புபவை இவையே. இந்தியாவில் அந்நோய் மனிதரிடம் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது 1955-இல் வேலூரில். வட ஆர்க்காட்டுக் கொசுக்களைப்பற்றி ராச்சல் ரூபன் 1971-இல் வெளியிட்ட தொடர் கட்டுரைகளும், பின்னர் மதுரையில் அமைந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம் விருத்தாசலம் வட்டாரத்தில் நீண்டகாலம் நடத்திய ஆராய்ச்சிகளும் இவ்வினங்களின் போக்கை நமக்கு ஓரளவு தெளிவாக்கியிருக்கின்றன. கொக்கு, நாரை, பன்றி ஆகியவற்றின் உடலில் வைரசு பெருகுகிறது. மாடு வைரசைப் பெருக்குவதில்லை. ஆனால் கொசுவுக்குப் பெருவிருந்து அளிக்கிறது.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. இந்த வயற்கொசுக்களைப் பகலில் பயிருக்குள் தேடிப் பிடிப்பதென்பது வைக்கோற்போரில் ஊசி தேடுகிற காரியம். ஒருவர் ஒரு மணி நேரம் பிரயாசைப்பட்டால் கையில் சிக்குவன சிலவே. ஆகவே ஆராய்ச்சியாளர்கள், பொழுது சாய்ந்ததிலிருந்து சுமார் ஒரு மணி நேரம், கொட்டிலைச் சுற்றியுள்ள செடிகளிலும் வேலியிலும் தாழ்ந்த கூரை விளிம்பிலும் வந்து உட்கார்ந்திருக்கின்ற கொசுக்களைப் பிடிப்பதையே வழக்கமாகக் கொண்டார்கள். வயலிலிருந்து புறப்பட்ட கொசு மாட்டின்மேல் நேரே பாய்வதில்லை. முதலில் அக்கம்பக்கத்துத் தழையில் இறங்கி, பந்தியில் இலை போடுவதற்குக் காத்திருக்கும் விருந்தாளியைப்போல் சிறிது நேரம் இருந்துவிட்டுத்தான் செல்கிறது. குடித்தபின்னும் அங்கேயே சற்று இளைப்பாறும். எனவே ஓய்வு என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பது உண்மையில் இருவகை: காத்திருக்கும் ஓய்வு ஒன்று, செரித்திருக்கும் ஓய்வு மற்றொன்று. அந்தி நேரத்துப் பிடிப்பின் எண்ணிக்கையை வைத்து, இந்தக் கொசு வேலியில் வசிக்கிறது என்று முடிவுகட்டுவது, ரயிலடியில் கண்ட கூட்டத்தை அவ்வூர்க் குடிமக்கள் என்று எழுதிவைப்பதற்கு ஒப்பாகும். அவ்விதம் எழுதிவைத்தவர்கள் உண்டு.

நான் அந்தப் பணியாளருடன் சம்பா வயலின் வரப்பிலும் ஒரு காலை நடந்தேன். பால் பிடிக்கும் பருவம்; தாளின் அடியில் இரண்டு விரல் தண்ணீர். மேலே வெயில் உறைக்கத் தொடங்கிவிட்டது. குனிந்து பயிரை இரு கையாலும் விலக்கியதும், உள்ளேயிருந்து அடுக்களைப் பானையைத் திறந்தாற்போல் வெதுவெதுப்பான ஈரமூச்சு முகத்தில் அடித்தது. தூர்களுக்கு நடுவே, நீருக்கு ஒரு சாண் உயரத்தில், சோலையின் வௌவால்போல் அடியிலையின் கீழ்ப்பக்கத்தில் ஒரு கபிலநிறக் கொசு தொங்கியது. கை நிழல் பட்டதும் எழுந்து, வெயிலுக்கு வராமல், ஒரு முழத் தூரத்தில் அடுத்த தூருக்குள்ளேயே புகுந்து மறைந்தது. ஒரு காணி வயலில் எத்தனை தூர் உண்டு என்று எண்ணிப் பார்த்தால், சில கொசுக்களே கிடைத்தன என்பதன் பொருள் வேறுவிதமாகப் படும். கொட்டிலில் முப்பது கொசு ஒரு சுவரில் திரண்டிருந்ததால் கண்ணுக்குத் தெரிந்தன. வயலில் மூவாயிரம் கொசு தூருக்கு ஒன்றுகூட இல்லாதபடி இறைந்து கிடந்தால் ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றும்.

நெல் ஒன்றே விளைநிலமாகிவிடாது. இரவும் பகலும் ஈரம் வற்றாமல், அகத்தி நிழலில், காற்றுப் புகாதபடி கீற்றுத் தட்டியால் அடைக்கப்பட்ட வெற்றிலைக் கொடிக்காலைப்போல் கொசுவுக்கென்றே கட்டிய மண்டபம் வேறொன்றைக் காண்பது அரிது. அங்கே பகலிலேயே கடி வாங்காமல் வேலை செய்து மீள்கிறவர் இல்லை. கரும்புத் தோட்டத்தில் உலர்ந்த தோகை உரிக்கப்படாமல் தொங்கும் வரை அடியில் இருள் நிலைக்கும். தோகை உரித்துவிட்டால் காற்று ஊடாடிப் பூச்சி குறையும். வாழைத் தோப்பின் சருகு மடிப்பு, வாய்க்கால் கரைத் தாழம்புதர், தூர்ந்த கிணற்றின் உட்சுவர், மரப்பொந்து, நண்டு வளை எல்லாமே தேடத்தக்க இடங்கள். குளத்து நீர்ச்செடிகளின் வேரில் புழுப்பருவத்தைக் கழிக்கும் மான்சோனியா என்னும் கொசு, கரைப் புல்லில் கணுக்கால் உயரத்திலேயே பகலைப் போக்கிவிட்டு, புல்லறுக்க வந்தவரைக் கடிக்கும். 

சீமைக்கருவேலத்தைப்பற்றித் தனியே ஒரு வார்த்தை. தமிழ்நாட்டின் தரிசும் ஏரிக்கரையும் இதற்கு அடிமைப்பட்டுக் கிடப்பதை நாம் நிலத்தடி நீரின் பொருட்டே பேசிவந்திருக்கிறோம். ஆப்பிரிக்காவில் மாலி நாட்டுக் கிராமங்களில் இம்மரத்தின் பூக்கும் கிளைகளை வெட்டிப் பார்த்து 2017-இல் வெளியான ஆராய்ச்சியில், பூவை இழந்த ஊர்களில் அனோபிலிஸ் தொகை குறைந்ததோடு, நோய் சுமக்கும் முதிய பெண் கொசுக்கள் குறிப்பாக அருகிப்போனமையும் தெரிந்தது. கொசுவுக்கு ரத்தம் முட்டையின் பொருட்டு. அன்றாட உயிர்ப்புக்கு வேண்டியது பூந்தேனின் சர்க்கரை. நிழலும் தேனும் ஓரிடத்தில் கிடைக்கும்போது அவ்விடம் ஓய்விடமாகவும் அன்னசத்திரமாகவும் ஆகிவிடுகிறது. நம் ஊர்க் கருவேலங்காட்டில் இதே கணக்குச் செல்லுமா என்பது இங்கேயே சோதித்து அறியவேண்டிய விஷயம். மண்ணும் மழையும் கொசுவும் வேறு.

கோடையில் என்ன ஆகிறது? வயல் வெடித்து, வாய்க்கால் வறண்டு, புல் கருகிய பின்னும் கொசுவினம் அழிந்துபோவதில்லை. முதல் மழை பெய்த சில நாளிலேயே வந்துவிடுகிறது. சூடான் நாட்டில் வறட்சிக் காலத்தில் தேடிய ஓமரும் கிளவுட்ஸ்லி-தாம்சனும் குடியிருப்புக் குடிசைகளிலும், கைவிடப்பட்ட குடிசைகளிலும், நீர்வற்றிய கிணறுகளிலும், பிராணிகளின் வளைகளிலும் பெண் கொசுக்கள் ஒடுங்கியிருக்கக் கண்டார்கள். மாலியில் மழைக்கால இறுதியில் அடையாளமிட்டு விடுவித்த பெண் கொசு ஒன்று, ஏழு மாதத்துக்குப் பிறகு அடுத்த மழையின் தொடக்கத்தில் அதே ஊரில் மீண்டும் பிடிபட்டதாக 2010-இல் வெளியான செய்தி, கொசுவுக்கு ஒரு மாத ஆயுள் என்று பாடம் படித்தவர்களைத் திகைக்கவைத்தது. ஏழு மாதமும் அது எந்தப் பொந்தில் இருந்தது என்பதை ஆராய்ச்சியாளர் எவராலும் காட்ட முடியவில்லை.

வெளியில் தங்கும் கொசுவைக் காண்பதற்குக் கையாளப்பட்ட உபாயங்கள் சில. அமெரிக்காவில் 1940-களில், வாய் திறந்த மரப்பெட்டிகளின் உட்புறத்தில் சிவப்பு வர்ணம் பூசி மரநிழலில் வைத்தார்கள்; நமக்குச் சிவப்பாகப் படுவது கொசுவின் கண்ணுக்கு ஏறக்குறையக் கறுப்பு, ஆகவே அது குகையென்று நம்பிப் புகுந்துகொள்ளும். தெற்கு ரொடீஷியாவில் ஆராய்ந்த மியூர்ஹெட்-தாம்சன் ஓர் ஆள் இறங்கும் குழி தோண்டி, அதன் சுவரில் சிறு பொந்துகள் குடைந்து, மேலே தழைப் பந்தல் போட்டு 1958-இல் விவரித்த 'குழிக் கூடம்' இன்றும் பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது. கென்யாவில் சாதாரண மண்பானையைக் கவிழ்த்தாற்போல் சாய்த்துவைத்தே காரியத்தைச் சாதித்தார்கள். பானை நமக்கும் எளிதில் கிடைக்கும். முதுகில் கட்டிக்கொள்ளும் உறிஞ்சும் இயந்திரமும் உண்டு. பெட்டி, குழி, பானை ஆகிய எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குறை என்னவென்றால், இயற்கையான மறைவிடம் அரிதாகிய இடத்தில்தான் செயற்கைப் பெட்டி நிரம்புகிறது. சம்பா ஓங்கி நிற்கும் வயலின் நடுவே வைத்த பானையைக் கொசு ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பெட்டி காலியாக இருப்பதைக் கண்டு ஊரில் கொசு இல்லை என்று எழுதுகிறவர், வயல் முழுதும் பெட்டியாகியிருப்பதை மறந்துவிடுகிறார்.

பயிரில் பகலைக் கழிக்கும் கொசு, பயிருக்குத் தெளிக்கும் மருந்தையும் நுகர்கிறது என்பது பலகாலம் கவனத்தில் படாத செய்தி. மத்திய அமெரிக்காவின் பருத்திக் காடுகளில் பூச்சிமருந்து தெளித்த பருவங்களை ஒட்டியே அனோபிலிஸ் அல்பிமானஸின் எதிர்ப்புச் சக்தி ஏறி இறங்கியதை ஜார்ஜியோ 1970-களில் காட்டினார். மலேரியா ஊழியர் வீட்டுச் சுவரில் விஷம் தெளிக்க வருவதற்கு முன்பே, விவசாயி அக்கொசுவை விஷத்துக்குப் பழக்கிவைத்திருந்தான். சேபினும் வாசர்ஸ்டிராமும் 1981-இல் இந்தியாவின் நிலையையும் அதனோடு சேர்த்து ஆராய்ந்து எழுதினார்கள். இன்னொரு பக்கம், மூளைக்காய்ச்சல் பரவும் காலத்தில் தெருத்தெருவாகப் புகைமருந்து அடிக்கும் வண்டியைக் காண்கிறோம். ஊருக்குள் அடிக்கும் புகை வயலுக்குள் நின்றிருக்கும் தூரின் அடியிலையை எட்டுவதில்லை. அந்தியில் கொசு கொட்டிலை நோக்கிப் புறப்படும் அந்த ஒரு மணி நேரத்தைத் தவறவிட்டு முற்பகலில் அடிக்கிற புகை யாரைத் திருப்திப்படுத்துவதற்கு என்பதை அடிக்கிறவர்களே சொல்ல வேண்டும்.

தை மாதத்தில் அதே ஊருக்கு மறுபடி போயிருந்தேன். அறுவடை இயந்திரம் வயலின் நான்கு ஓரத்திலிருந்தும் சுற்றிச் சுற்றி அறுத்துக்கொண்டு வர, நடுவில் நின்ற பயிர் வரவர ஒரு தீவாகக் குறுகிக்கொண்டிருந்தது. அந்தத் தீவின்மேல் தட்டான்கள் கூட்டமாகச் சுழன்றன. கரிச்சான் ஒன்று மின்கம்பியிலிருந்து இறங்கி ஏறி இறங்கி ஏறி எதையோ பிடித்துத் தின்றது. இயந்திரத்தின் பின்னே கொக்குகள் வரிசையாக நடந்தன. கடைசிச் சுற்றில் பயிர் சாய்ந்தபோது, வெயிலில் சாம்பல் தூவினாற்போல் சிறு பூச்சிகள் எழுந்து, சற்றுத் தடுமாறி, காற்றோடு ஊர்ப்பக்கமாகச் சாய்ந்தன. வரப்பில் என்னருகே நின்றிருந்த வயதான குடியானவர் தலைமுண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இன்னிக்கு ராவு மாட்டுக்கு மூட்டம் கொஞ்சம் கூடவே போடணுமுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, நொச்சித் தழை ஒடிக்க வாய்க்கால் பக்கம் நடந்தார்.